கடைசி பெஞ்சில் ஒருவர்

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில், 1974-75 பருவத்தின் பயிற்சி வேளைகளில், இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ரொனால்ட் கேலிமோர், இன்னொருவர் ரோலண்ட் தார்ப். ஆட்டக்காரர்கள் மேல் அவர்களுக்கு அக்கறையில்லை. கண்ணெல்லாம் பயிற்சியாளர் ஜான் வுடன் மேல். வுடனுக்கு அது கடைசிப் பருவம். 12 ஆண்டுகளில் 10-ஆவது தேசியப் பட்டத்தை வென்ற கையோடு அவர் ஓய்வுபெற்றார். அவர் வாய் திறந்த ஒவ்வொரு முறையும், கையசைத்த ஒவ்வொரு முறையும் இவர்கள் அதை ஒரு வகையில் சேர்த்துக் கோடு போட்டார்கள்: பாராட்டு, கண்டிப்பு, விளக்கம், செய்துகாட்டல், விரட்டல். மொத்தம் 2,326 கோடுகள்.

எண்ணிப் பார்த்தபோது பாராட்டு ஏழு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. வெறும் கண்டிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பாதிக்கு மேல் சுத்தமான தகவல்: எதை, எப்படி, எப்போது செய்ய வேண்டும். ஒருவர் தப்பாக ஆடினால் வுடன் சரியான முறையைச் செய்துகாட்டுவார், பிறகு அவர் செய்த தப்பைச் செய்துகாட்டுவார், மறுபடியும் சரியானதைச் செய்துகாட்டுவார். சில நொடிகளில் முடிந்துவிடும். சொற்பொழிவு கிடையாது. இரண்டு மணி நேரப் பயிற்சிக்காகக் காலையில் உதவியாளர்களோடு அதே அளவு நேரம் உட்கார்ந்து திட்டமிட்டு, நிமிடக் கணக்கைச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்திருப்பார்.

விளையாட்டுப் பக்கத்துச் செய்தியாக இது தோன்றலாம். ஆனால் கேலிமோரும் தார்ப்பும் அந்த அரங்குக்கு வந்ததற்குக் காரணம் அங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பசிபிக் கடலுக்கு நடுவில் இருந்தது. ஹொனலுலுவில் அவர்கள் ஒரு சின்னப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் படிக்கவில்லை.

ஹவாயில் மன்னராட்சி 1893-இல் கவிழ்க்கப்பட்டது. 1896-இல் வந்த சட்டம் பள்ளிகளில் பயிற்றுமொழி ஆங்கிலம்தான் என்றது. வகுப்பறைகளிலிருந்து ஹவாய் மொழி வெளியேறியது. மூன்று தலைமுறை கழித்து, 1970-களில், மண்ணின் மக்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டில் ஒரு கலப்பு ஆங்கிலம் பேசினார்கள். பள்ளியின் வாசிப்புத் தேர்வுகளில் கடைசியில் நின்றார்கள். இளவரசி பெர்னிஸ் பௌவாஹி பிஷப் எழுதிவைத்த உயிலின்படி 1887-இல் தொடங்கிய கமேஹமேஹா பள்ளிகள் நிறுவனம் இதற்கு ஏதாவது செய்யப் பார்த்தது. 1972-இல் ஹொனலுலுவின் கலிஹி பகுதியில் ஓர் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அந்தத் திட்டத்தைச் சுருக்கமாகக் ‘கீப்’ என்பார்கள்.

அதற்கு முன்பே நானாகுலி என்ற கடலோர ஊரில் கேலிமோரும் மானிடவியலாளர்களும் பல ஆண்டுகள் தங்கிப் பார்த்திருந்தார்கள். அங்கே அவர்களைக் குழப்பியது இதுதான். வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளை சோறு வைக்கும், துணி துவைக்கும், தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்கும். அம்மா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேலை சொல்வதில்லை. வேலை பிள்ளைகள் கூட்டத்துக்குப் பொதுவாக விழும். யார் எதைச் செய்வது என்று அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் பிள்ளை முதலில் திரும்புவது பக்கத்திலிருக்கும் அக்காவிடம். இதே பிள்ளை பள்ளியில் சோம்பேறி, கவனமில்லாதது, ஆர்வமில்லாதது என்று பெயர் வாங்கியிருந்தது. ஆசிரியர் ஒரு கணக்கைக் கொடுத்தால் அது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் பார்க்கும். ஆசிரியர் கண்ணில் அது காப்பியடிப்பது.

இதெல்லாம் தெரிந்தவர்கள் தொடங்கிய பள்ளிதான் கலிஹியில் இருந்தது. இருந்தும் முதல் சில ஆண்டுகள் அவர்கள் செய்தது வேறு. அந்தக் காலத்து உளவியல் சொன்னபடி, எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளை வாய் ஓயாமல் பாராட்டினார்கள். பாராட்டு வேலை செய்தது. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் உழைத்தார்கள். யார் வந்து பார்த்தாலும் நல்ல வகுப்பறை என்று சொல்லிவிட்டுப் போகலாம். தேர்வு வைத்தால் வாசிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளை சும்மா இருக்கிறதா, வேலையாக இருக்கிறதா என்று பார்த்தே வகுப்பை எடைபோட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் அவர்கள் வுடனின் பயிற்சியில் உட்கார்ந்து, ஏழு விழுக்காட்டுக்கும் குறைவான பாராட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1976 வாக்கில் திட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். எழுத்தொலிக்குத் தந்த நேரத்தின் பெரும்பங்கு பொருள் புரிவதற்குப் போனது. நான்கைந்து பிள்ளைகள் ஆசிரியரோடு இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரு கதையைப் படிப்பார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் சிறு சிறு குழுக்களாக, ஆசிரியர் மேற்பார்வை இல்லாமல், ஒருவருக்கொருவர் கேட்டுச் செய்துகொள்வார்கள். நானாகுலி வீட்டில் அக்கா செய்த வேலைக்கு இப்போது வகுப்பறையில் இடம் கிடைத்தது.

அந்த இருபது நிமிடத்தை நெருங்கிப் பார்த்தவர் கேத்ரின் ஆவ். கீப்பில் ஆசிரியராக இருந்தவர், பின்னாளில் வாசிப்பு ஆய்வில் பெரிய பெயர். ஒரு சிறுவன் தவளையொன்றைக் கண்டெடுக்கிற கதை. புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஆசிரியர், உங்களிடம் ஒரு தவளை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். ஒரு பிள்ளை தொடங்குகிறது, அது முடிப்பதற்குள் இன்னொன்று நுழைகிறது, மூன்றாவது அந்த இரண்டையும் சேர்த்து முடிக்கிறது. பேச்சு தூண்டிலுக்கும் மீனுக்கும் போய்ச் சேருகிறது. யாரும் கை தூக்கவில்லை. ஆசிரியர் யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பக்கம் மௌனமாகப் படிக்கிறார்கள், மறுபடி பேச்சு. ஹவாயில் பலர் கூடியிருந்து கதைகளை ஒருவர்மேல் ஒருவராகச் சொல்லும் பழக்கத்துக்கு ‘டாக் ஸ்டோரி’ என்று பெயர். நம் ஊர்த் திண்ணையில் ஒரு மாடு காணாமல் போன கதையை நாலு பேர் சேர்ந்து சொல்வதைக் கேட்டவர்களுக்கு இதன் இலக்கணம் புதிதல்ல. ஒருவர் பேச்சுக்குள் மற்றவர் நுழைவது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது, ‘கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்பதற்கு அத்தாட்சி.

ஆவும் ஜானா மேசனும் சேர்ந்து இதை ஒப்பிட்டும் பார்த்தார்கள். அதே பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் பாடம் எடுத்தார்கள். ஒருவர் இந்தப் பிள்ளைகளோடு பழகியவர். இன்னொருவர் அனுபவமுள்ளவர்தான், ஆனால் ஹவாய்ப் பிள்ளைகளோடு பழக்கமில்லாதவர். இரண்டாமவர் ‘ஒவ்வொருத்தராப் பேசுங்க’ என்கிற ஒழுங்கை நிலைநாட்டுவதிலேயே பாடத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தார். முதலாமவரின் வகுப்பில் சத்தம் அதிகம், கதையைப் பற்றிய பேச்சும் அதிகம். ஆனால் அவர் கடிவாளத்தை விட்டுவிடவில்லை என்பதை ஆவ் கவனித்தார். எதைப் பற்றிப் பேசுவது என்பது ஆசிரியர் கையில். யார் எப்போது பேசுவது என்பது பிள்ளைகள் கையில். உரிமைகளின் இந்தப் பங்கீட்டை அவர் தன் விளக்கத்தின் மையத்தில் வைத்தார்.

பண்பாட்டுக்கு இசைந்த கற்பித்தல் என்று இன்று கருத்தரங்குகளில் அடிபடுகிற பேச்சுக்கு முன்னோடிகளில் இந்தப் பள்ளியும் ஒன்று. அதனால்தான் இதில் என்னவெல்லாம் இல்லை என்பதைப் பார்க்கத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு மலர்மாலை போட்டு ஹுலா ஆடவைத்ததால் வாசிப்பு ஏறவில்லை. பாடப்புத்தகம்கூடப் பெரும்பாலும் அமெரிக்கா முழுவதும் புழங்கிய புத்தகம்தான். மாறியது பேச்சில் முறை எடுத்துக்கொள்கிற விதம், யார் பக்கத்தில் யார் உட்காருவது, உதவி கேட்டால் அது குற்றமா இல்லையா என்பவை. வீட்டை அப்படியே பெயர்த்து வகுப்பறையில் வைக்கவும் அவர்கள் முயலவில்லை. வீட்டுப் பழக்கங்களில் படிப்புக்குத் தோள்கொடுக்கக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் கீப்பின் மானிடவியலாளர் கேத்தி ஜோர்டன். பண்பாடு என்றதும் பொங்கல் பானையையும் கோலத்தையும் தேடுகிற நம் பள்ளி ஆண்டுவிழா மனம் இந்த இடத்தில் சற்று ஏமாந்துதான் போகும்.

இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை இன்னோர் ஆசிரியருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? யார் குறுக்கே பேசலாம், எத்தனை பேர் ஒரு மேசையில் என்பதைச் சுற்றறிக்கையில் எழுதலாம். எழுதியதைப் படித்து ஒருவர் செய்துவிட முடியாது. அதனால் கீப்பில் ஆசிரியருக்கும் ஒரு பயிற்சியாளர் இருந்தார். அவர் வகுப்பின் ஓரத்தில் உட்காருவார். பாடத்தை வீடியோவில் பதிவுசெய்வார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள், நிறுத்துவார்கள், திரும்பப் போடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பிள்ளை சொன்ன பதிலை ஏன் விட்டுவிட்டீர்கள், அடுத்த முறை அதைப் பிடித்துக்கொண்டு எங்கே போகலாம் என்று பேசுவார்கள். மாதக்கணக்கில் இது நடக்கும். தார்ப்பும் கேலிமோரும் 1988-இல் எழுதிய புத்தகத்தில் வைக்கிற வாதம் எளிது. பிள்ளை தனியாகச் செய்ய முடியாததை ஒருவர் துணையோடு செய்து, பிறகு தனியாகச் செய்யக் கற்கிறது. ஆசிரியரும் அப்படித்தான் கற்கிறார். அந்தத் துணையைப் பள்ளி நிர்வாகம் அவருக்குத் தரவில்லையென்றால் அவர் பிள்ளைக்குத் தருவார் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. கூடைப்பந்து அரங்கில் பார்த்ததும் அந்தத் துணைதான். ஓர் ஆள் பக்கத்தில் நின்று, நடந்துகொண்டிருக்கிற வேலைக்குள்ளேயே, சின்னச் சின்னத் தகவலாகக் கொடுப்பது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. 1983-இல் கீப் தன் முறையை எடுத்துக்கொண்டு அரிசோனாவுக்குப் போனது, நவஹோ நிலத்தில் உள்ள ரஃப் ராக் பள்ளிக்கு. 1966-இல் தொடங்கிய அந்தப் பள்ளி, பழங்குடி மக்கள் தாங்களே நடத்திய பள்ளிகளில் முன்னோடி. ஹவாயில் வேலைசெய்த முறை இங்கேயும் பலிக்குமா, அல்லது நல்ல முறை எங்கேயும் நல்ல முறைதானா என்று பார்ப்பது நோக்கம்.

அநேகமாக எல்லாம் இடித்தது. நாலைந்து பேராக ஆணும் பெண்ணும் கலந்து உட்காரவைத்தார்கள். ஹவாய்ப் பிள்ளைகள் உடனே பேசி, உதவி, கலகலத்த ஏற்பாடு அது. நவஹோப் பிள்ளைகள் அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் பையன்களும் பெண்களும் ஒட்டிப் பழகுவதை அந்தச் சமூகம் ஊக்குவிப்பதில்லை. வீட்டிலோ, அந்த வயதில் பிள்ளை பெரியவர் துணையில்லாமல் ஆடு மேய்க்க மைல்கணக்கில் போகும். தன்னந்தனியாக ஒரு வேலையை முடிப்பது அதற்குப் பழக்கமானது. பையன்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று இரண்டு மூன்று பேராகப் பிரித்தபோதுதான் பேச்சு வந்தது. பாராட்டும் இடித்தது. ஒரு பிள்ளையைத் தனியே எடுத்து எல்லார் முன்னாலும் புகழ்வது, திட்டுவது, இரண்டுமே அங்கே சங்கடம்.

கதை வகுப்பில் நடந்தது இன்னும் சுவை. கீப் முறைப்படி ஒரு பக்கம் படித்து நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டார்கள். பிள்ளைகள் பேசவில்லை. அவர்கள் முழுக்கதையையும் முதலில் கேட்க விரும்பினார்கள். கதை முடியாதபோது அதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் அவர்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. முழுவதும் படித்துவிட்டுப் பேசத் தொடங்கினால் ஒவ்வொருவரும் நீளமாக, நிதானமாக, அடுத்தவர் முடிக்கும்வரை காத்திருந்து பேசினார்கள். சிந்தித்துப் பார்த்தால் இதில் எது ‘உயர்நிலைச் சிந்தனை’ என்று பயிற்சிக் கையேடுகள் சொல்கின்றனவோ அதற்கு நவஹோப் பிள்ளையின் பொறுமைதான் கிட்டே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தக் காத்திருப்பை நொடியாகவும் அளந்திருக்கிறார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார், மூன்று நொடி காத்திருந்தாலே பதில்களின் நீளமும் தரமும் மாறுகின்றன என்று மேரி பட் ரோ 1970-களில் காட்டியிருந்தார். ரஃப் ராக்கில் இன்னொரு மௌனம் இருந்தது. பிள்ளை பேசிவிட்டு நிறுத்துகிறது. வெள்ளை ஆசிரியர் அது முடித்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்விக்குப் போகிறார். நவஹோ ஆசிரியர் அதே பிள்ளைகளிடம் இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறார். பிள்ளை தொடர்கிறது, அது மூச்சு வாங்கத்தான் நின்றிருக்கிறது. ஹவாயிலோ ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் நுழைவதால் காத்திருப்பு நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். ஒரே ஆசிரியர் பயிற்சி நூல், இரண்டு இடங்களில் நேர் எதிரான இரண்டு நல்ல வகுப்புகள்.

லின் வோட், கேத்தி ஜோர்டன், தார்ப் மூவரும் 1987-இல் இதை எழுதினார்கள். முறை பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதியதுதான் அந்தக் கட்டுரையின் பெருமை. ஹவாயிலிருந்து ரஃப் ராக்குக்குக் கொண்டுபோக முடிந்தவை சிலவே: புரிந்து படிப்பதற்குத் தரும் முதலிடம், சிறு குழு என்கிற எண்ணம், அதற்கும் மேலாக, வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம். மற்றதெல்லாம் அந்த ஊரில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வார்த்தை நம் பக்கம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்ப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதே பெரிய விஷயம். பல நாடுகளில் இதற்காகத் தனியே நிதி தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பயிற்றுநர் கதவருகே வந்ததும் ஆசிரியர் மனத்தில் ‘விசிட்’ என்கிற சொல்தான் எழுகிறது. பாடக்குறிப்பேடு எங்கே, பதிவேடு முடித்தாயிற்றா, செயலியில் என்ன ஏற்றுவார்? கையில் படிவத்தோடு வருகிறவரிடம், ‘சார், இந்தப் பையன் மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறான், நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க’ என்று எந்த ஆசிரியரும் கேட்க மாட்டார். கேட்டால் அது குறையாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம். பயிற்றுநரைக் குற்றம்சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருக்கு மேலிருந்து வருகிற வேலைப்பட்டியல் அப்படி. சோதிப்பவரையும் துணைநிற்பவரையும் ஒரே ஆளாக்கினால் முன்னவர்தான் வெல்வார். வுடனின் உதவிப் பயிற்சியாளர்கள் யாரும் ஆட்டக்காரர்களைப் பற்றிக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பவில்லை.

பயிற்சி முகாமுக்குப் போய்வந்தால் மட்டும் போதாது, வகுப்புக்குள் வந்து ஒருவர் கூட இருந்தால்தான் புதிய முறை ஆசிரியர் கையில் தங்கும் என்று புரூஸ் ஜாய்சும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். அமெரிக்காவில் அதன்பின் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மேத்யூ கிராஃப்டும் கூட்டாளிகளும் 2018-இல் 60 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆசிரியரின் கற்பித்தலில் நல்ல மாற்றம் தெரிந்தது; பிள்ளைகளின் மதிப்பெண்ணில் அதைவிடச் சிறியது என்றாலும் மாற்றம் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கியது. சில பத்து ஆசிரியர்களுக்குச் செய்தபோது இருந்த விளைவு, நூறைத் தாண்டியபோது பாதியளவுக்கு வந்துவிட்டது. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. பெருக்கும்போது எளிதில் பெருகுவது படிவம். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் அப்படிப் பெருகுவதில்லை. கீப்பும் ஹவாய் அரசுப் பள்ளிகளில் பரவியபோது இதே சுவரில் மோதியது. 1990-களின் நடுவில் கமேஹமேஹா அதை மூடிவிட்டது.

கீப்பின் மேல் இன்னொரு குறையும் சொல்லப்பட்டது. 1995-இல் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், ஹவாயிலும் நவஹோ நிலத்திலும் நடந்த இந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவை பிள்ளையைப் பள்ளியோடு பொருத்துகின்றன, பள்ளியையும் அதன் பின்னால் உள்ள அதிகாரத்தையும் கேள்வி கேட்கப் பிள்ளைக்குக் கற்றுத்தரவில்லை என்ற பொருளில் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்பித்த ஆசிரியர்களைப் பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்தவர் அவர். அவர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. ஹவாய்ப் பிள்ளைகள் டாக் ஸ்டோரி நடையில் பேசிப் பேசி நன்றாகப் படித்தது ஆங்கிலத்தைத்தான். 1896-இல் போன மொழி கீப்பின் வழியாகத் திரும்பவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் 1980-களில் தாங்களே மழலையர் பள்ளி தொடங்கிய ஹவாய் மொழி ஆசிரியர்களும் பெற்றோர்களும்.

ரஃப் ராக்கில் விஷயம் வேறு திசையில் திரும்பியது. ஹவாயிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து வகுப்பைப் பார்த்த நவஹோ ஆசிரியர்களில் பலர், நவஹோ பேசியதற்காகவே விடுதிப் பள்ளிகளில் தண்டனை வாங்கிய தலைமுறை. அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசத் தொடங்கினார்கள்: இந்தப் பிள்ளை ஏன் நின்று பேசுகிறது, எந்தக் கதைக்கு வாய் திறக்கிறது, எங்கள் பாட்டி எப்படிக் கதை சொன்னாள். 1987-இல் ஆங்கிலம்-நவஹோ இருமொழித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நவஹோவில் பிள்ளைகளுக்கான புத்தகங்கள் போதவில்லை என்பதால் தாங்களே எழுதினார்கள். கோடை முகாம்களுக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்துவந்தார்கள். பிள்ளைகள் அவர்களிடம் கதையை முழுதாகக் கேட்டு, பிறகு எழுதினார்கள்.